பர்ச்சேஸ் ஆர்டர் எங்கே நிற்கிறது? இஆர்பிநெக்ஸ்ட் ஒப்புதல் வழியில் வரும் கோளாறுகளும் தீர்வுகளும்

ஸ்டோரில் இருப்பவர் "செவ்வாய்க்கிழமையே அனுப்பிட்டேன் சார்" என்பார். மேனேஜர் "என்கிட்ட எதுவும் வரலையே" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆர்டர் இருவருக்கும் நடுவில், யார் கண்ணிலும் படாத ஒரு நிலையில் நின்றுகொண்டிருக்கும். பேரிங் வராமல் மெஷின் நிற்கும்போதுதான் எல்லோரும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்புவார்கள்.

இந்த மாதிரிச் சிக்கல்களை அறிகுறியிலிருந்து தொடங்கி எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று எழுதுகிறேன். எடுத்துக்கொண்டிருக்கும் மென்பொருள் இஆர்பிநெக்ஸ்ட்; கொள்முதல், ஸ்டாக், கணக்கு என்று கம்பெனி வேலைகளை ஒரே இடத்தில் நடத்துவது. மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கியது, மூலநிரல் திறந்தது. உதாரணங்கள் எல்லாம் பர்ச்சேஸ் ஆர்டரை வைத்துத்தான். லீவ் விண்ணப்பம், செலவுக் கணக்கு, கொட்டேஷன் என்று எதற்கு ஒப்புதல் வழி அமைத்திருந்தாலும் பார்க்க வேண்டிய இடங்கள் இவையேதான்.

முதலில் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒப்புதல் வழியை அமைக்கும் 'வொர்க்ஃப்ளோ' என்ற படிவத்தில் இரண்டு அட்டவணைகள் இருக்கும். மேலே இருப்பது நிலைகள்: நிலையின் பெயர், டாக் ஸ்டேட்டஸ் எண், அந்த நிலையில் யார் திருத்தலாம் என்பது. கீழே இருப்பது நகர்வுகள்: எந்த நிலையிலிருந்து, எந்தப் பட்டனை அழுத்தினால், எந்த நிலைக்கு, எந்த ரோல் (மென்பொருளில் ஒருவருக்குக் கொடுத்திருக்கும் பொறுப்பு), என்ன நிபந்தனை. டாக் ஸ்டேட்டஸ் 0 என்றால் டிராஃப்ட், 1 என்றால் சப்மிட் ஆனது, 2 என்றால் ரத்து. நிலைக்கு நாம் என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். ஆவணம் அமலுக்கு வந்ததா இல்லையா என்பதை மென்பொருள் அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறது. பாதிக் குழப்பம் இந்த ஒரு விஷயம் தெரியாததால் வருவது.

தொடுவதற்கு முன்

வொர்க்ஃப்ளோ படிவத்தைத் திறந்து எதையும் மாற்றாதீர்கள். மாட்டிக்கொண்ட அந்த ஒரு ஆர்டரைத் திறந்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அதன் டாக் ஸ்டேட்டஸ் என்ன, அதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு என்னென்ன ரோல்கள் இருக்கின்றன. அப்புறம் ஆவணத்தின் அடியில் இருக்கும் டைம்லைனைப் படியுங்கள். யார், எப்போது, எந்த நிலைக்கு நகர்த்தினார் என்பது அங்கே வரிசையாக இருக்கும்.

இன்னொன்று. அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழைந்து சோதிக்காதீர்கள். அந்தக் கணக்குக்கு எல்லா ரோல்களும் உண்டு. தன் ஆவணத்தைத் தானே ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற தடையும் அதற்குக் கிடையாது. "எனக்கு எல்லாம் சரியா வருதே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் கன்சல்டன்ட் பெரும்பாலும் அட்மினிஸ்ட்ரேட்டராகப் பார்த்திருப்பார். ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு சோதனைப் பயனரை உருவாக்கி, அந்த ஒரு ரோலை மட்டும் கொடுத்து, அதில் நுழைந்து பாருங்கள். அரை மணி நேர வேலை. பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

அறிகுறி: ஒப்புதல் பட்டனே வரவில்லை

மிக எளிய காரணத்திலிருந்து தொடங்குங்கள். படிவத்தில் எதையாவது மாற்றிவிட்டுச் சேமிக்காமல் இருந்தால் ஆக்ஷன்ஸ் பட்டன் வராது. மேனேஜர் டெலிவரி தேதியைத் தட்டிவிட்டு "பட்டன் காணோம்" என்று போன் செய்வது வாடிக்கை. சேவ் செய்யச் சொல்லுங்கள்.

அதில்லை என்றால் ரோல். நகர்வு அட்டவணையில் அந்த நிலையிலிருந்து கிளம்பும் வரிகளை மட்டும் பாருங்கள். அங்கே 'பர்ச்சேஸ் மேனேஜர்' என்று இருக்கும். இவரிடம் 'பர்ச்சேஸ் யூசர்' மட்டும் இருக்கும். பதவியில் மேனேஜராக இருப்பதும் மென்பொருளில் அந்த ரோல் இருப்பதும் வேறு வேறு. ஆவணமே லிஸ்ட்டில் வரவில்லை என்றால் யூசர் பர்மிஷனைப் பாருங்கள். ஒரு கம்பெனிக்கோ காஸ்ட் சென்டருக்கோ (செலவைத் தனியாகக் கணக்கு வைக்கும் பிரிவு) மட்டும் என்று அவரைக் கட்டி வைத்திருந்தால், மற்றொரு யூனிட்டின் ஆர்டர் அவர் கண்ணில் படவே படாது.

ரோலும் சரி, ஆவணமும் தெரிகிறது, ஆனாலும் பட்டன் இல்லை என்றால் நிபந்தனையைப் படியுங்கள். இங்கேதான் நான் நிறைய நேரம் செலவிட்டிருக்கிறேன். ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் வழி இப்படி அமைந்திருந்தது: நெட் டோட்டல் (வரி சேர்க்காத மொத்தம்) 50,000-க்குக் குறைவு என்றால் மேனேஜர், 50,000-க்கு மேல் என்றால் டைரக்டர். படிக்கும்போது குறையே தெரியாது. பல மாதம் ஓடியது. ஒரு நாள் 200 எண்ணிக்கை, ஒன்று 250 ரூபாய் என்று ஒரு ஆர்டர் வந்தது. சரியாக 50,000. அது குறைவும் இல்லை, மேலும் இல்லை. இரண்டு வரியும் பொருந்தவில்லை. மேனேஜருக்கும் பட்டன் இல்லை, டைரக்டருக்கும் இல்லை. எர்ரர் எதுவும் காட்டாது, ஏனென்றால் மென்பொருளைப் பொறுத்தவரை தவறே நடக்கவில்லை. யாருக்கும் அனுமதி இல்லாத ஓர் ஆர்டர், அவ்வளவுதான்.

திருத்தம் சுலபம். ஒரு பக்கத்தில் 'அல்லது சமம்' சேர்க்க வேண்டும். கவனம், ஒரு பக்கத்தில் மட்டும். பதற்றத்தில் இரண்டு பக்கமும் சேர்த்துவிட்டால் 50,000 ரூபாய் ஆர்டருக்கு இரண்டு வரிகளும் பொருந்தும். இரண்டு ரோலும் உள்ள ஒருவர் 'அப்ரூவ்' அழுத்தும்போது எந்த வரிப்படி நகரும் என்பது நீங்கள் முடிவு செய்ததாக இருக்காது.

எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதை மட்டும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். டைரக்டரிடம் போய்க் கேளுங்கள். அதே மூச்சில் இன்னொன்றையும் கேளுங்கள்: 50,000 என்று அவர் சொன்னது ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? 42,500 ரூபாய்ச் சரக்குக்கு 18 சதவீத வரி சேர்ந்தால் 50,150. நெட் டோட்டலை வைத்தால் மேனேஜரோடு முடிந்துவிடும், கிராண்ட் டோட்டலை வைத்தால் டைரக்டரிடம் போகும். வரம்பு போட்டவர் எதை மனதில் வைத்துச் சொன்னார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அறிகுறி: பட்டன் இருக்கிறது, அழுத்தினால் எர்ரர்

வொர்க்ஃப்ளோ அட்டவணையில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. ரோல் பர்மிஷன் மேனேஜரிலும் அந்த ரோலுக்கு 'ரைட்', அதாவது எழுதும் அனுமதி வேண்டும். டாக் ஸ்டேட்டஸ் 1-க்குப் போகும் நகர்வு என்றால் சப்மிட் அனுமதியும் வேண்டும். 'பர்ச்சேஸ் அப்ரூவர்' என்று புதிதாக ஒரு ரோலை உருவாக்கி வொர்க்ஃப்ளோவில் போட்டுவிட்டு, அந்த ரோலுக்கு எந்த அனுமதியும் கொடுக்க மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

'டாக்குமென்ட் மாடிஃபைடு' என்று வந்தால், இவர் திறந்து வைத்திருந்த நேரத்தில் வேறொருவர் சேமித்திருக்கிறார். ரீலோட் செய்யச் சொல்லுங்கள். ஆனால் என்ன மாறியது என்று டைம்லைனில் பார்த்த பிறகு அழுத்தச் சொல்லுங்கள்.

கட்டாயப் புலம் காலி, பட்ஜெட் தாண்டிவிட்டது என்பது போன்ற செய்தி வந்தால் அது ஒப்புதல் வழியின் கோளாறு இல்லை. சப்மிட் செய்யும்போது வழக்கமாக நடக்கும் சரிபார்ப்பு, ஒப்புதல் பட்டனை அழுத்திய நேரத்தில் எட்டிப் பார்க்கிறது. இதில் ஒரு வடிவமைப்புப் பிழை ஒளிந்திருக்கிறது: எழுதும்போதே பிடிக்க வேண்டிய தவறு கடைசி ஆளான டைரக்டரிடம் போய் வெடிக்கிறது. முடிந்த அளவு புலங்களைச் சேமிக்கும்போதே கட்டாயமாக்குங்கள்.

அறிகுறி: 'அப்ரூவ்டு' என்று காட்டுகிறது, ஆனால் சரக்கு வரவு போட முடியவில்லை

நிலை அட்டவணையில் 'அப்ரூவ்டு' வரியின் டாக் ஸ்டேட்டஸைப் பாருங்கள். 0 என்று இருக்கும். பெயரளவில் ஒப்புதல் கிடைத்துவிட்டது, மென்பொருளுக்கு அது இன்னும் டிராஃப்ட். டிராஃப்டிலிருந்து பர்ச்சேஸ் ரசீது, அதாவது சரக்கு வரவு, போட முடியாது.

இனி வரும் ஆர்டர்களுக்காக, டாக் ஸ்டேட்டஸ் 1 உள்ள ஒரு புதிய நிலையைச் சேர்த்து, கடைசி ஒப்புதல் நேராக அங்கே போகும்படி மாற்றுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவற்றுக்கு, பழைய 'அப்ரூவ்டு' நிலையிலிருந்து புதிய நிலைக்கு ஒரு நகர்வு வரி சேர்த்து, லிஸ்ட்டில் அவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஆக்ஷன்ஸ் வழியாக நகர்த்திவிடலாம். டேட்டாபேஸில் நேராகப் போய் 0-வை 1 ஆக்கும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். சப்மிட் ஆகும்போதுதான் ஆர்டர் செய்த அளவு ஸ்டாக் பக்கத்தில் ஏறும், மெட்டீரியல் ரிக்வெஸ்ட்டின் (சரக்கு வேண்டும் என்று முதலில் எழுதும் கோரிக்கை) நிலுவை குறையும். எண்ணை மட்டும் மாற்றினால் அவை எதுவும் நடக்காது. பிறகு ஸ்டாக் புரொஜெக்ஷன் (இருப்பு எவ்வளவு ஆகும் என்ற முன்கணக்கு) ஒவ்வொரு பொருளுக்கும் பொய் சொல்லும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 'டைரக்டர் ஒப்புதலுக்கு' என்ற இடைநிலைக்கே டாக் ஸ்டேட்டஸ் 1 கொடுத்துவிடுவது. அவர் பார்ப்பதற்கு முன்பே ஆர்டர் அமலுக்கு வந்துவிடும். அவர் மறுத்தால் டிராஃப்டுக்குத் திரும்ப வழி இல்லை. அப்படி ஒரு நகர்வு வரியைச் சேர்க்கப் போனால் மென்பொருளே தடுக்கும். சப்மிட் ஆனது ரத்து ஆகலாம், மறுபடி டிராஃப்ட் ஆக முடியாது. கடைசிக் கையெழுத்து விழும் வரை எல்லா நிலைகளும் 0-வாகவே இருக்கட்டும்.

அறிகுறி: ஆர்டர் போட்டவரே ஒப்புதலும் கொடுத்திருக்கிறார்

நகர்வு அட்டவணையில் ஒவ்வொரு வரியிலும் 'அலவ் செல்ஃப் அப்ரூவல்' என்று ஒரு டிக் இருக்கிறது. புதிய வரி சேர்க்கும்போது அது ஏற்கெனவே டிக் ஆகித்தான் வரும். எடுத்துவிட வேண்டியது நம் வேலை. அட்டவணையின் வெளிப்பார்வையில் இது கண்ணில் படாமல் போகலாம். வரியை விரித்துப் பார்த்துவிடுங்கள்.

எடுத்த பிறகும் ஒரு சந்து திறந்தே இருக்கும். 'தானே' என்று மென்பொருள் கணக்கிடுவது ஆவணத்தை உருவாக்கியவரை மட்டும்தான். கடைசியாகத் திருத்தியவரை அது பார்ப்பதில்லை. உதவியாளர் ஒரு வெற்று ஆர்டரைத் திறந்து சேமிக்கிறார்; மேனேஜர் அதில் சப்ளையர், அளவு, விலை எல்லாம் நிரப்புகிறார்; பிறகு அவரே ஒப்புதல் தருகிறார். விதிப்படி எல்லாம் சரி. உண்மையில் ஒரே ஆள் இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறார். மேனேஜர் கைக்கு வரும் நிலையில் அவருக்குத் திருத்தும் உரிமை வேண்டாம், பார்க்கவும் ஒப்புக்கொள்ளவும் திருப்பி அனுப்பவும் மட்டும் போதும் என்று வைத்தால் இந்தச் சந்து அடைபடும்.

சிறிய கம்பெனிகளில் இன்னொரு பக்கம் இடிக்கும். மேனேஜர் ஒருவர்தான், அவசரத்துக்கு அவரே ஆர்டர் போடுகிறார், செல்ஃப் அப்ரூவலும் இல்லை. அந்த ஆர்டரை நகர்த்த யாருமே இல்லை. அதற்காக டிக்கைத் திரும்பப் போட்டுவிடாதீர்கள். அதே நிலையிலிருந்து அதே பட்டனுக்கு டைரக்டர் ரோலில் இன்னொரு வரி சேருங்கள். மேனேஜர் போட்ட ஆர்டர் டைரக்டரிடம் போகட்டும். மாதத்தில் நாலைந்துதான் வரும்.

அறிகுறி: ஒப்புதலுக்குப் பிறகு விலை மாறியிருக்கிறது

எல்லாக் கோளாறுகளிலும் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். மற்றவை வேலையைத் தாமதப்படுத்தும். இது ஒருவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் போடுகிறது.

ஒரு ஆர்டரின் டைம்லைனை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 6205 பேரிங், 400 எண்ணிக்கை, ஒன்று 185 ரூபாய், மொத்தம் 74,000. காலை 11:20-க்கு மேனேஜர் ஒப்புக்கொண்டார். ஆர்டர் 'டைரக்டர் ஒப்புதலுக்கு' நிலைக்குப் போனது. 11:42-க்கு ஒரு வரி: முதல் வரிசையில் ரேட் 185-லிருந்து 210 ஆனது. மாற்றியவர் பர்ச்சேஸ் உதவியாளர். மாலையில் டைரக்டர் திறந்து பார்க்கும்போது 84,000 என்று இருக்கிறது. மேனேஜர் பார்த்துவிட்டார் என்ற நம்பிக்கையில் அவரும் அழுத்துகிறார். மேனேஜர் ஒப்புக்கொண்டது 185-க்கு. 210-ஐ அவர் பார்க்கவே இல்லை.

உதவியாளர் மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை. சப்ளையர் போனில் புதிய விலை சொல்லியிருப்பார். திருத்த முடிந்தது, திருத்திவிட்டார். கேள்வி, அந்த நேரத்தில் அவரால் ஏன் திருத்த முடிந்தது என்பதுதான். நிலை அட்டவணையில் 'ஒன்லி அலவ் எடிட் ஃபார்' என்ற பத்தியைப் பாருங்கள். அதைக் காலியாக விட முடியாது என்பதால், அமைத்தவர் எல்லா வரிகளிலும் 'பர்ச்சேஸ் யூசர்' என்றே நிரப்பிக்கொண்டு போயிருப்பார்.

சரியான அமைப்பு இப்படி இருக்க வேண்டும். டிராஃப்ட் நிலையில் மட்டும் பர்ச்சேஸ் யூசர் திருத்தலாம். மேனேஜர் பார்வைக்குப் போனதிலிருந்து கடைசி வரை, கீழே இருப்பவர் யாருக்கும் திருத்தும் உரிமை கிடையாது. விலை மாற வேண்டுமா, 'திருப்பி அனுப்பு' என்ற நகர்வு வழியாக டிராஃப்டுக்கு வரட்டும். அங்கே மாற்றி, மறுபடி முதலிலிருந்து போகட்டும். "இதுக்கெல்லாம் திரும்பப் போகணுமா" என்று கேட்பார்கள். ஆமாம், போக வேண்டும். மேனேஜரின் பெயர் புதிய விலைக்கு நேராக நிற்கப் போகிறது என்றால், அவர் அந்த விலையைப் பார்த்திருக்க வேண்டும்.

மேலே மேனேஜருக்குத் திருத்தும் உரிமை வேண்டாம் என்றேன், ஆனால் அந்தப் பத்தியைக் காலியாக விட முடியாது. யாருக்கும் கொடுக்காத ஒரு தனி ரோலை உருவாக்கி, அந்த நிலைகளில் அதைப் போட்டுவிடலாம். அமைத்த பிறகு, டேட்டா இம்போர்ட் வழியாகவும் வெளி மென்பொருள் இணைப்பு வழியாகவும் விலையை மாற்ற முடிகிறதா என்று கட்டாயம் சோதியுங்கள். திரையில் பூட்டியிருப்பது எல்லா வாசலிலும் பூட்டியிருப்பதாக ஆகிவிடாது.

சப்மிட் ஆன பிறகும் ஒரு வாசல் உண்டு. பர்ச்சேஸ் ஆர்டரில் 'அப்டேட் ஐட்டம்ஸ்' என்ற பட்டன் வழியாக அளவையும் விலையையும் மாற்றலாம். சப்ளையர் பாதிச் சரக்கைத்தான் தருவேன் என்னும்போது அது தேவைப்படுகிற வசதிதான். வொர்க்ஃப்ளோ இருந்தால், ஆவணம் இப்போது இருக்கும் நிலைக்கு அதைக் கொண்டுவரும் உரிமை மாற்றுபவருக்கு இருக்கிறதா என்று மென்பொருள் சரிபார்க்கும். உங்கள் பதிப்பில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பர்ச்சேஸ் யூசராக நுழைந்து ஒருமுறை முயன்று பார்த்துவிடுங்கள்.

கணக்குப் பக்கத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், இந்தியாவில் மென்பொருளில் கணக்கு வைக்கும் கம்பெனிகள், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதியும், அணைத்துவைக்க முடியாத எடிட் லாக் உள்ள மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆனால் லாக் என்பது மாறியதைச் சொல்லும், மாறாமல் தடுக்காது. ஆடிட்டர் கேட்கும் நாளில் டைம்லைனைப் படித்துக்கொண்டிருப்பதைவிட, 11:42-க்கு அந்தக் கட்டம் பூட்டியிருப்பது மேல்.

அறிகுறி: பெரிய ஆர்டர்கள் டைரக்டரிடம் போகாமல் நழுவுகின்றன

முதலில் கரன்ஸி. நெட் டோட்டல், கிராண்ட் டோட்டல் இரண்டும் ஆர்டர் எந்த நாணயத்தில் இருக்கிறதோ அந்த நாணயத்தில் இருக்கும். 4,000 டாலர் ஆர்டர் ரூபாயில் 3 லட்சத்துக்கு மேல். நிபந்தனைக்குத் தெரிவது 4,000 என்ற எண் மட்டும்தான்; 50,000-க்குக் குறைவு, மேனேஜரோடு முடிந்தது. கம்பெனி நாணயத்தில் கணக்கிட்ட தொகைக்குத் தனிப் புலம் இருக்கிறது: பேஸ் நெட் டோட்டல், பேஸ் கிராண்ட் டோட்டல். இறக்குமதியே இல்லை என்றாலும் நிபந்தனையில் இவற்றையே வையுங்கள். நாளைக்கு ஒரு மெஷின் பார்ட் ஜெர்மனியிலிருந்து வரும்போது யாருக்கும் இது ஞாபகம் வராது.

அடுத்தது பிரித்துப் போடுவது. ஒரே சப்ளையர், ஒரே நாள், 48,200-க்கு ஒன்று, 46,900-க்கு இன்னொன்று. நிபந்தனை ஒரு நேரத்தில் ஒரு ஆவணத்தை மட்டுமே பார்ப்பதால் இரண்டும் தனித்தனியாகத் தேறிவிடும். இதை நிபந்தனைக் கட்டத்துக்குள் தீர்க்க முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். படிக்க முடியாத நீள வரி ஒன்று உருவாகும், அமைத்தவர் வேலையை விட்டுப் போன பிறகு யாரும் அதைத் தொடத் துணியமாட்டார்கள். வாரம் ஒருமுறை சப்ளையர்வாரியாக மொத்தம் காட்டும் ஒரு ரிப்போர்ட் டைரக்டருக்குப் போகட்டும். இல்லையென்றால் தேவை எழும் இடத்திலேயே, அதாவது மெட்டீரியல் ரிக்வெஸ்ட்டிலேயே, ஒப்புதலை வையுங்கள். "400 பேரிங் தேவையா" என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கு ஆம் என்ற பிறகு ஆர்டரை எத்தனையாகப் பிரித்தாலும் பெரிதாகக் கவலை இல்லை.

அப்புறம் ஏன் பிரிக்கிறார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். டைரக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் சிஸ்டத்தைத் திறக்கிறார், உற்பத்தியோ தினமும் நடக்கிறது என்பது பதிலாக இருந்தால், வரம்பு இந்தக் கம்பெனிக்குக் குறைவு. அதை ஒரு லட்சம் ஆக்குவது குறித்து அவரிடம் நேராகப் பேசிவிடலாம்.

அறிகுறி: மெயில் வரவில்லை, அல்லது மெயிலாகக் கொட்டுகிறது

வரவில்லை என்றால் வரிசையாக: வொர்க்ஃப்ளோவில் 'சென்ட் ஈமெயில் அலர்ட்' டிக் இருக்கிறதா, டீஃபால்ட் அவுட்கோயிங் மெயில் கணக்கு இருக்கிறதா, 'ஈமெயில் க்யூ' என்ற காத்திருப்பு லிஸ்ட்டில் அந்த மெயில் என்ன நிலையில் இருக்கிறது. க்யூவில் எல்லாம் அனுப்பாமல் குவிந்திருந்தால், பின்னணி வேலைகளை நேரத்துக்கு ஓட்டும் ஷெட்யூலர் ஓடவில்லை. சர்வரை மாற்றிய பிறகோ பேக்கப்பிலிருந்து மீட்ட பிறகோ இது சகஜம்.

கொட்டுகிறது என்றால் காரணம் வேறு. அடுத்த நகர்வுக்கு உரிய ரோல் யார் யாரிடம் இருக்கிறதோ அத்தனை பேருக்கும் மெயில் போகும். ஆர்டர் 'அப்ரூவ்டு' ஆன பிறகு ரத்து செய்ய ஒரு நகர்வு வரி வைத்திருந்தால், "இந்த ஆர்டரில் நீங்கள் செய்ய வேண்டியது: கேன்சல்" என்று மேனேஜருக்கு ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு மெயில் வரும். அவர் பதறுவார், பிறகு பழகிவிடுவார், அப்புறம் எந்த மெயிலையும் திறக்க மாட்டார். 'கேன்சல்டு' நிலையில் 'ஈஸ் ஆப்ஷனல் ஸ்டேட்' என்று டிக் செய்யுங்கள். அங்கே போகச் சொல்லி யாருக்கும் மெயில் போகாது.

மெயிலை நம்பாமல் வேலை செய்யவும் வழி உண்டு. 'வொர்க்ஃப்ளோ ஆக்ஷன்' லிஸ்ட்டில் தன் ஒப்புதலுக்காகக் காத்திருப்பவை அனைத்தும் ஒரே இடத்தில் வரும். மேனேஜரின் பிரவுசரில் அதை புக்மார்க் செய்து கொடுங்கள்.

அறிகுறி: ஒப்புதல் தருபவர் லீவில் இருக்கிறார்

பாஸ்வேர்டைப் பகிர்வதுதான் எல்லோரும் முதலில் செய்வது. தயவுசெய்து வேண்டாம். டைம்லைனில் அவர் பெயர் விழும். அன்றைக்கு அவர் மருத்துவமனையிலோ திருமண மண்டபத்திலோ இருந்திருப்பார்.

ஒப்புதல் ஆளுக்குக் கட்டியதில்லை, ரோலுக்குக் கட்டியது. அதனால் அந்த ரோலைப் பதிலாளுக்குத் தற்காலிகமாகக் கொடுத்தால் போதும். இது தொந்தரவில்லாமல் நடக்க வேண்டும் என்றால், ஒப்புதலுக்கென்று தனி ரோல் இருக்க வேண்டும். 'பர்ச்சேஸ் மேனேஜர்' ரோலையே பயன்படுத்தினால், நாலு நாள் பதிலாளுக்கு மேனேஜரின் மற்ற அனுமதிகளும் கூடவே போய்விடும். திரும்ப எடுக்கும் தேதியை கேலண்டரில் போட்டுக்கொள்ளுங்கள். ரோல் தானாகக் கழன்றுவிடாது.

இத்தனை நாள் கிடந்தால் மேலதிகாரிக்குப் போகட்டும் என்று சொல்ல நகர்வு அட்டவணையில் இடம் இல்லை. 'நோட்டிஃபிகேஷன்' படிவத்தில் 'டேஸ் ஆஃப்டர்' வைத்து, ஆவணத் தேதியிலிருந்து 2 நாள் கழித்தும் இந்த நிலையிலேயே இருந்தால் டைரக்டருக்கு மெயில் என்று அமைக்கலாம். அது அந்த ஒரு நாள் மட்டும்தான் போகும். 4-ஆம் நாளும் நினைவூட்ட வேண்டும் என்றால் இன்னொன்று தனியாக அமைக்க வேண்டும்.

அறிகுறி: வொர்க்ஃப்ளோவைத் திருத்திய பிறகு பழைய ஆர்டர்கள் சேமிக்க மறுக்கின்றன

'இது செல்லுபடியாகும் வொர்க்ஃப்ளோ ஸ்டேட் இல்லை' என்ற பொருளில் செய்தி வந்தால், நீங்கள் நீக்கிய அல்லது பெயர் மாற்றிய நிலையில் இன்னும் ஆவணங்கள் உட்கார்ந்திருக்கின்றன. அந்த நிலையை அட்டவணையில் திரும்பச் சேர்த்து, அங்கிருந்து புதிய நிலைக்கு ஒரு நகர்வு வைத்து, எல்லாவற்றையும் நகர்த்திவிட்டு, பிறகு நீக்குங்கள். வரியை நீக்கும் முன் லிஸ்ட்டில் அந்த நிலையை ஃபில்டர் செய்து எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது எப்போதும் நல்லது.

நிலை அட்டவணையின் வரிசையும் முக்கியம். முதல் வரியில் இருக்கும் நிலையில்தான் புதிய ஆவணம் பிறக்கும். அழகுக்காக வரிகளை மேலும் கீழும் இழுத்து வைக்காதீர்கள்.

மாற்றங்களைச் சோதனைத் தளத்தில் செய்துவிட்டு, ஆறு ஆர்டர்களைப் போட்டுப் பாருங்கள்: 49,999-க்கு ஒன்று, சரியாக 50,000-க்கு ஒன்று, 50,001-க்கு ஒன்று, டாலரில் ஒன்று, மேனேஜரே உருவாக்கிய ஒன்று, டைரக்டர் மறுத்த ஒன்று. கடைசியை யாரும் சோதிப்பதில்லை. 'ரிஜெக்டட்' நிலைக்குள் போக வழி இருக்கும், வெளியே வர ஒரு நகர்வு கூட இருக்காது. டைரக்டர் "விலை அதிகம், வேறு சப்ளையரைப் பாருங்க" என்று மறுத்த ஆர்டர் அங்கேயே கிடக்கும்; ஸ்டோர்காரர் புதிதாக ஒன்றை முதலிலிருந்து அடிப்பார்; முதல் ஆர்டர் ஏன் மறுக்கப்பட்டது என்பது இரண்டாவதில் எங்கேயும் இருக்காது. 'ரிஜெக்டட்' நிலையிலிருந்து டிராஃப்டுக்கு ஒரு வரி சேர்த்து, மறுக்கும்போது காரணம் எழுத ஒரு புலம் வைத்துவிடுங்கள்.